நாயோடு நடக்கும்போது: அள்ளுகிறவர்களும் அள்ளாதவர்களும்

வெளியே நடத்திச் செல்லும் நாயின் மலத்தை அள்ளுவது பற்றிப் பல ஊர்க்காரர்கள் எழுதியவை.

பெசன்ட் நகர், சென்னை

எலியட்ஸ் கடற்கரையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவருடைய லாப்ரடார் மணலில் வேலையை முடித்ததும், செருப்புக் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு நகர்ந்தார். பக்கத்திலேயே குழந்தைகள் வெறுங்காலோடு மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். "சார், அதை எடுத்துவிடலாமே" என்றேன். "அதுதான் மூடிவிட்டேனே" என்றார். பூனை செய்தால் சரி.

ஈர மணலில்தான் நாயின் கொக்கிப்புழு முட்டை பொரியும். சில நாட்களில் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். மனித உடம்பில் அதற்குப் போக்கிடம் கிடையாது. தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து, சிவப்புக் கோடாக வளைந்து வளைந்து போகும். அரிப்பு தூங்கவிடாது. என் அக்கா மகன் காலில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னதும் பெரியவர், எல்லோரும் கேட்கும் கேள்வியையே கேட்டார்: "தெருநாய் போவதை யார் அள்ளுகிறார்கள்?" அந்த நாயின் கழுத்தில் சங்கிலி இல்லையே, பிடித்துக்கொண்டு வர ஆளும் இல்லையே என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆர்.எஸ்.புரம், கோவை

எங்கள் தெருவில் நாயை நடத்திக்கொண்டு வருபவர் வீட்டுக்காரர் அல்லர், அவருடைய டிரைவர். ஒருநாள் எதிர்வீட்டு அம்மா போட்டு முடித்த கோலத்தின் மேலேயே நாய் வெளிக்கு இருந்துவிட்டது. துடைப்பமும் கையுமாக வந்த அந்த அம்மாவிடம் வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டவர் டிரைவர்தான். "அள்ளுவதற்கு ஒரு தாள்கூடக் கொடுத்தனுப்பவில்லையே, நான் என்ன செய்வேன்?" என்று பிறகு என்னிடம் சொன்னார். வெளிநாட்டு நாய், வெளிநாட்டுத் தீனி, ஒரு பழைய செய்தித்தாளுக்குப் பஞ்சம்!

வேளச்சேரி, சென்னை

அள்ளாதவர்களைப் பற்றியே பேசுகிறோம். அள்ளிவிட்டுப் பையை முடிச்சுப் போட்டு மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா அப்படி ஒரு பையை ஈரக்குப்பை என்று நினைத்துப் பிரித்துவிட்டார். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பது அவருடைய வேலை. கட்டிய மூட்டை கிடைத்தால் அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். கையுறை கிழிந்திருந்தது. அவர் திட்டவில்லை, குழாயடியில் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அள்ளாமல் போகிறவன் ஊருக்குத் தெரிந்தே தப்புச் செய்கிறான். இவர்கள் நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டு, அசிங்கத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

நான் வீட்டுக்கு எடுத்து வந்து கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். தாளையோ பையையோ உள்ளே போடக்கூடாது, அடைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூர்

இங்கே அள்ளாமல் போனால் 1000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் வரலாம். அதனால் பை இல்லாமல் யாரும் கீழே இறங்குவதில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் தூணில் நாய் சிறுநீர் கழித்தால் ஊற்றுவதற்குத் தண்ணீர் பாட்டிலும் பலர் கையில் இருக்கும்.

திருச்சி

காய்ந்த பிறகு என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நாயின் உருண்டைப்புழு முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அப்புறம் ஆண்டுக்கணக்கில் சாகாது. அன்றே அள்ளினால் முட்டையும் கூடவே போய்விடும். கீரைப் பாத்திக்கு உரமாகப் போடுகிறவர்களும் இதைக் கவனிக்கவும்.

வேளச்சேரிக்காரருக்கு: 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து நாங்கள் செய்தித்தாளுக்கு மாறிவிட்டோம். மழை நாளில் மட்டும் அது கையோடு கரைந்துவிடுகிறது. அப்போது கத்தரித்த பால் பாக்கெட் உறையைக் கையில் மாட்டி அள்ளி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்கிறோம். அரை லிட்டர் உறை சிறிய நாய்க்குப் போதும். ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் ஒரு லிட்டர் உறையாகப் பார்த்து எடுத்து வைக்கவும்.