அவசரம்: டிஎன்எஸ் சர்வர் அடிக்கடி நின்றுவிடுகிறது, ஏதோ அட்டாக் போலிருக்கிறது

குறிஞ்சி_அட்மின்
வணக்கம். கல்லூரி டிஎன்எஸ் சர்வர் (சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் மறுபடியும் அதே கதை. அட்மிஷன் நேரம், எல்லாரும் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். டிஎன்எஸ்ஸில் டிடாஸ் (பல இடங்களிலிருந்து தாக்கி முடக்குவது) ஓட்டை இருப்பதாகப் படித்தேன். எதை அடைக்க வேண்டும்? சாஃப்ட்வேர் லேட்டஸ்ட்தான்.

ராஜா_லினக்ஸ்
என்ன சாஃப்ட்வேர்? பைண்டா, அன்பவுண்டா? உங்கள் டொமைனுக்குப் பதில் சொல்லும் சர்வரா, மாணவர்கள் நெட் பார்க்கக் கேட்கும் ரிசால்வரா?

தேன்மொழி
கீட்ராப் என்ற ஓட்டையாக இருக்கலாம். 2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஏதேனே (ATHENE) ஆய்வு மையத்தார் வெளியிட்டது. டிஎன்எஸ்செக் (பதில்களை டிஜிட்டல் கையெழுத்தால் உறுதிசெய்யும் முறை) சரிபார்க்கும் ரிசால்வருக்கு ஒரே ஒரு பாக்கெட் போதும். எல்லாச் சாவியையும் எல்லாக் கையெழுத்தோடும் பொருத்திப் பார்த்தே சிபியு தீர்ந்துபோகும். பைண்டை 16 மணி நேரம் வரை முடக்கிக் காட்டினார்கள். உடனே அப்டேட் செய்யுங்கள்.

மூத்தவன்53
பதிவில் ஒரு தகவலும் இல்லை. "நின்றுவிடுகிறது" என்றால் என்ன அர்த்தம்? பிராசஸ் செத்துப்போகிறதா, உயிரோடு இருந்துகொண்டு திணறுகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. 2015 ஜூலையில் வந்த பைண்டின் டிகீ ஓட்டையில் ஒரு பாக்கெட் வந்தாலே நேம்ட் (பைண்டின் பிராசஸ்) அசெர்ஷன் பிழையோடு விழுந்துவிடும். ஏசிஎல் (யாரை அனுமதிப்பது என்ற பட்டியல்) போட்டிருந்தாலும் காப்பாற்றாது, பேட்ச் ஒன்றுதான் வழி. திணறுகிறது என்றால் பெரும்பாலும் கேள்வி வெள்ளம். நிர்வாகி என்று பெயர் வைத்துக்கொண்டவர் முதலில் லாக் பார்க்கப் பழக வேண்டும்.

ஈரோடு_நெட்
ஆர்ஆர்எல் (பதில்களின் வேகத்துக்கு வரம்பு) போடுங்கள் நண்பரே. ரேட்-லிமிட்டில் நொடிக்கு 5 பதில் என்று வைத்தால் அடங்கிவிடும்.

ராஜா_லினக்ஸ்
அது டொமைன் சர்வருக்குச் சரி. அங்கே ஸ்லிப் 2 (தடுக்கும் பதில்களில் இரண்டுக்கு ஒன்றை 'டிசிபியில் கேள்' என்று சுருக்கி அனுப்புவது) இருப்பதால் நிஜ ஆட்கள் டிசிபியில் திரும்ப வந்து பதில் வாங்கிவிடுவார்கள். ரிசால்வரில் போட்டால் சொந்த மாணவர்களைத்தான் தடுப்பீர்கள். எந்த வகை சர்வர் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை.

குறிஞ்சி_அட்மின்
பைண்ட் 9.16.23, ஆல்மாலினக்ஸ் 9. இரண்டு வேலையும் ஒரே சர்வர்தான். பிராசஸ் சாகவில்லை. லாகில் "நோ மோர் ரிகர்சிவ் க்ளையன்ட்ஸ்" (பதிலுக்குக் காத்திருக்கும் கேள்விகளுக்கு இனி இடமில்லை) என்று வரிவரியாக வருகிறது.

தேன்மொழி
9.16.23! கீட்ராப் சரியானது 9.16.48-இல். நான் சொன்னதுதான்.

மூத்தவன்53
ஆல்மாவில் வெர்ஷன் எண்ணைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. ரெட்ஹாட் வழி வருபவை எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் பின்னோக்கிச் சேர்ப்பார்கள். "ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக் பைண்ட்" அடித்து கீட்ராப்பின் சிவிஇ எண் 2023-50387 இருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் வந்து பதில் சொல்ல வேண்டாம்.

தேன்மொழி
சார், கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாமே. டிஎன்ஃப் அப்டேட் செய்யச் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை.

ஈரோடு_நெட்
ரிகர்சிவ்-க்ளையன்ட்ஸை 10000 ஆக்கிவிடுங்கள். ஃபெயில்2பேன் வைத்து அதிகம் கேட்கும் ஐபிகளைப் பிளாக் செய்யுங்கள்.

ராஜா_லினக்ஸ்
யுடிபியில் ஐபியைப் பார்த்து பிளாக் செய்யாதீர்கள். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடலாம். எவனோ பொதுரிசால்வரின் முகவரியைப் போட்டு அனுப்பினால் நீங்களே அதைத் தடுப்பீர்கள், வெளியே பாதிப் பேருக்கு உங்கள் கல்லூரி சைட் திறக்காது.

ஈரோடு_நெட்
அதற்கு ஐஎஸ்பிகள் பிசிபி 38 (பொய் அனுப்புநர் முகவரி வெளியேறாமல் தடுக்கும் வழிகாட்டி) செய்ய வேண்டும். 2000-இல் எழுதியது, இன்னும் செய்யாதவர்கள் இருக்கிறார்கள். அதுதான் மூல நோய்.

மூத்தவன்53
2016 அக்டோபரில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனம் விழுந்தபோது வந்தது மிராய் மால்வேர் பிடித்த கேமராக்கள். அந்த வகையில் கேள்விகள் நிஜ ரிசால்வர்கள் வழியாகவும் வரும். பொய் முகவரியே தேவையில்லை. பிசிபி 38 அவசியம், ஆனால் இதற்கு மருந்து அது அல்ல.

ஈரோடு_நெட்
பொய் முகவரி இல்லாமல் ஸ்பேம்ஹாஸ் (ஸ்பேம் தடுப்பு அமைப்பு) மேல் 2013-இல் அந்த அளவு அடித்திருக்க முடியாது. அதையும் சொல்லுங்கள்.

ராஜா_லினக்ஸ்
இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், தனி இழை போடலாம். குறிஞ்சி, "ஆர்என்டிசி ஸ்டேட்டஸ்" அடித்து ரிகர்சிவ் க்ளையன்ட்ஸ் வரியைப் பாருங்கள். பிறகு "ஆர்என்டிசி ரிகர்சிங்" அடித்தால் காத்திருக்கும் கேள்விகள் ஒரு ஃபைலில் விழும். ஒரே டொமைனுக்கு முன்னால் அர்த்தமில்லாத எழுத்துகளாக இருக்கிறதா? இருந்தால் ரேண்டம் சப்டொமைன் தாக்குதல். ஒவ்வொரு பெயரும் புதியது என்பதால் கேஷ் (நினைவில் வைத்த பழைய பதில்) உதவாது. அந்த டொமைனின் சர்வர் பதில் தராமல் போக, உங்கள் 1000 இடமும் காத்திருப்பதிலேயே நிரம்பும். அதை 10000 ஆக்கினால் நிரம்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். அலோ-ரிகர்ஷனில் (யாருக்காகப் பதில் தேடித் தரலாம் என்ற அமைப்பு) என்ன இருக்கிறது?

குறிஞ்சி_அட்மின்
997/900/1000 (இப்போது காத்திருப்பவை/மென்வரம்பு/உச்சவரம்பு). ஃபைலில் எல்லாம் ஒரே டொமைன், முன்னால் கண்டபடி எழுத்துகள். அலோ-ரிகர்ஷன் "எனி". எனக்கு முன்னால் இருந்தவர் வைத்தது.

மூத்தவன்53
உலகத்துக்கே திறந்த ரிசால்வர். பைண்ட் தானாக அப்படி வைக்காது. எதுவும் எழுதாமல் விட்டால் லோக்கல்நெட்ஸும் லோக்கல்ஹோஸ்டும் (சொந்த நெட்வொர்க்கும் அதே மெஷினும்) மட்டும்தான். கல்லூரியின் நெட்வொர்க்குகளை ஒரு ஏசிஎல்லில் எழுதி, அலோ-ரிகர்ஷன், அலோ-க்வெரி-கேஷ் இரண்டிலும் அதை மட்டும் போடுங்கள். ஃபெட்சஸ்-பெர்-சோன் (ஒரு டொமைனுக்காக ஒரே நேரத்தில் வெளியே கேட்கும் கேள்விகளின் வரம்பு) 100 அளவில் வையுங்கள். அது இயல்பில் 0, அதாவது வரம்பே இல்லை. அட்மிஷன் முடிந்ததும் டொமைன் சர்வரையும் ரிசால்வரையும் இரண்டு மெஷினாகப் பிரியுங்கள். ஒன்று மூழ்கினால் மற்றதும் சேர்ந்து மூழ்குவது இதனால்தான்.

ஈரோடு_நெட்
பிரிக்கும்போது ரிசால்வருக்கு அன்பவுண்ட் வையுங்கள்.

தேன்மொழி
அதெல்லாம் பிறகு. அவர் டிஎன்எஸ்செக்கை மட்டும் அணைத்துவிடக் கூடாது.

குறிஞ்சி_அட்மின்
ஏசிஎல் போட்டேன். 14/900/1000. சைட்டுகள் திறக்கின்றன. எல்லாருக்கும் நன்றி.

ராஜா_லினக்ஸ்
நல்லது. வெளியே இருந்து கேட்டால் ரெஃப்யூஸ்ட் (மறுப்பு) வருகிறதா என்று மொபைல் நெட்டிலிருந்து ஒருமுறை பாருங்கள். உள்ளே இருக்கும் கேமராவோ பழைய பிசியோ அதே கேள்விகளை அனுப்பினால் ஏசிஎல் தடுக்காது, அதனால் ஃபெட்சஸ்-பெர்-சோன் கட்டாயம். வைத்துவிட்டீர்களா?

தேன்மொழி
சேஞ்ச்லாகில் 50387 இருந்ததா? அதையும் சொல்லுங்கள்.