அப்பாவோட மஞ்சள் சீக்கோ: டயலை மாத்தறதா, விடறதா?

ஏற்காட்டான்:
அப்பா சிங்கப்பூர்ல வாங்குன சீக்கோ 6139-6002 வாட்ச், மஞ்சள் டயல். ரொம்ப வருஷமா எஸ்டேட் வீட்டு பீரோவுல கிடந்துச்சுங்க. மலை ஈரத்துல நாலு மணிப் பக்கம் டயல்ல கருப்புப் புள்ளி விழுந்திருக்கு. குரோனோ முள் (ஸ்டாப்வாட்ச் முள்) நுனி ஒடிஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கற சாவியைத் திருப்புனா டயலைச் சுத்தி இருக்கற உள்வளையம் சுத்த மாட்டேங்குது. சேலம் கடைவீதியில காட்டுனா, "டயல், முள்ளு எல்லாம் ஆன்லைன்ல புதுசாவே வருது சார், போட்டா பளபளன்னு ஆயிடும்"ங்கறார். போடலாமா?

பழையமுள்:
போட்டுடாதீங்க! 1969-ல வந்த மெஷின் அது. உலகத்துல முதல்ல வந்த ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்கள்ல (கை அசைவுலயே சாவி ஏறற ஸ்டாப்வாட்ச் வாட்ச்) ஒண்ணு. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-ல ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குக் கட்டிட்டுப் போனதும் இதே மஞ்சள் டயல்தான். புது டயல் போட்டா அது இன்னொரு 'மும்பை ஸ்பெஷல்' (பழைய வாட்ச்சுக்குப் போலி டயல் மாட்டி விக்கறது), அவ்வளவுதான்.

அஞ்சுரோடு:
விண்வெளிக்குப் போனது அவரோட வாட்ச்சுங்க, நம்மாளோடது பீரோவுல இருந்தது. கட்டறதுக்கா, ஏலம் விடறதுக்கா? கட்டறதுன்னா புள்ளி விழுந்த டயலைத் தினம் பாத்துட்டு இருக்கணும்னு என்ன தலையெழுத்து?

பழையமுள்:
பின்மூடியில சீரியல் நம்பரைப் பாருங்க. முதல் இலக்கம் வருஷம், ரெண்டாவது இலக்கம் மாசம். 34-ன்னு ஆரம்பிச்சா 1973 ஏப்ரல். ஆரம்பத்துல வந்த டயல்ல 'வாட்டர் புரூஃப்'னு இருக்கும், அப்புறம் 'ரெசிஸ்ட்'னு மாத்துனாங்க. ஆன்லைன் டயல் விக்கறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? டயல் ஒண்ணு சொல்லும், மூடி ஒண்ணு சொல்லும். லென்ஸ் வெச்சுப் பாத்தா எழுத்து தடிச்சு மை கசிஞ்ச மாதிரி வேற இருக்கும்.

செவ்வாப்பேட்டைக்காரன்:
டயல் கிடக்கட்டும். கேஸை (வெளிக்கூடு) இங்க கொண்டாங்க, கொலுசு பாலிஷ் போடற மெஷின்ல ரெண்டே நிமிஷம், கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்.

பழையமுள்:
அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். அந்த கேஸ்ல மேல் பக்கம் பூரா கோடு கோடா பிரஷ் போட்டது. பஃப்ல காட்டுனா கோடும் போயிரும், விளிம்பும் மழுங்கிரும்.

ஓவராயிலிங்:
வாட்ச் ரிப்பேர் என் தொழில், அதனால சொல்றேன். ரெண்டு பேரும் கண்ணுக்குத் தெரியறதுக்கே சண்டை போடறீங்க. வளையம் சுத்தலைன்னா பெரும்பாலும் சாவிக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கற குட்டிச் சக்கரம் ஒடிஞ்சிருக்கும். அதையும் வாஷரையும் மெயின் ஸ்பிரிங்கையும் புதுசாவே போடுங்க, ஒரிஜினல்தான் வேணும்னு தேடாதீங்க. ஏற்காட்டு மூட்டத்துக்குப் பழைய வாஷர் தாங்கவே தாங்காது. ஆனா குரோனோ முள்ளு விஷயம் வேற. ரீசெட் அழுத்தறப்போ உள்ள சுத்தியல் இதய வடிவத் தகடு மேல படார்னு அடிக்கும், அந்த வேகத்துல முள் பன்னெண்டுல வந்து நிக்கணும். அச்சுல மாட்டற குழல் சரியில்லாத முள்ளு போட்டா நாலு தடவை அழுத்துனதும் நழுவி வேற எங்கேயாவது நிக்கும்.

அஞ்சுரோடு:
ஒரிஜினல் முள்ளுக்கு எங்க போறது? ஓடற இன்னொரு 6139-ஐ வாங்கிப் பிரிச்சுத்தான் விக்கறாங்க. ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணை அறுக்கறது எந்த ஊர் பாரம்பரியம்?

பழையமுள்:
தண்ணி புகுந்து மெஷின் செத்ததுலயும் முள் நல்லா இருக்கும். காத்திருந்தா கிடைக்கும்.

அஞ்சுரோடு:
நீங்க காத்திருங்க. அவர் அடிவாரத்துல பட்டனை அழுத்திட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏரிக்கரையில நிறுத்திப் பாக்கட்டும். வாட்ச் செஞ்சது அதுக்குத்தான்.

ஏற்காட்டான்:
டயல்ல கை வைக்கல. சக்கரம், வாஷர், ஓவராயிலிங் (பிரிச்சுக் கழுவி எண்ணெய் போடறது) மட்டும் இப்ப பண்ணச் சொல்லிட்டேன். ஒரிஜினல் முள்ளு மாட்டற வரைக்கும் புதுசு ஒண்ணு இருக்கட்டும்னு பாக்கறேன்.

பழையமுள்:
புது முள்ளுன்னு கேட்டாலே வயிறு எரியுது. சரி, ஒடிஞ்ச முள்ளைக் கடையில விட்டுட்டு வந்துராதீங்க, பொட்டலம் கட்டி வாங்கிட்டு வாங்க.