மினி லேத்தில் (சிறிய கடைசல் இயந்திரம்) எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடு கடைய கூலண்ட் (வெட்டும் இடத்தில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) அவசியமா?

மாடி_ஷெட்:
சின்ன பெஞ்ச் லேத், பம்ப் எல்லாம் கிடையாது. 20 மி.மீ எம்எஸ் ராடை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் 450 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 450 சுற்று) கடைந்தால் மேற்பரப்பு பிய்த்தெடுத்த மாதிரி சொரசொரவென்று வருகிறது, டூல் முனையில் இரும்பு அப்பிக்கொள்கிறது. பெரிய பட்டறைகளில் பால் மாதிரி ஊற்றுகிறார்களே, அதை வாங்கிவிடலாமா?

பழைய_டர்னர்:
வேகம் சரிதான் தம்பி, எச்எஸ்எஸ்ஸுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால் 20 மி.மீ ராடுக்கு 480 வருகிறது. உங்களுக்குச் சூடு பிரச்சினை இல்லை, ஒட்டுவதுதான் பிரச்சினை. முனையில் அப்பிய இரும்பே வெட்ட ஆரம்பித்துவிடுகிறது, பிறகு பிய்ந்து கடைகிற ராடில் ஒட்டிக்கொண்டு போகிறது, பினிஷ் எப்படி வரும்? முதலில் டூலைத் தீட்டி சென்டர் உயரம் (டூல் முனை ராடின் மையத்துக்கு நேராக இருக்கிறதா என்று) பாருங்கள், அப்புறம் கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவினால் போதும். டூலுக்கும் ராடுக்கும் நடுவில் பிரஷ்ஷை நீட்டாதீர்கள், இழுத்துக்கொள்ளும். ராடின் மேல்பக்கம் தடவினால் சுற்றி வந்து தானாக முனைக்குப் போய்விடும். சக் (ராடைப் பிடித்துச் சுற்றும் பாகம்) ஓடும்போது துணி பக்கத்திலேயே வரக்கூடாது.

சுருள்_பொறுக்கி:
அந்தப் பால் சோலுபிள் ஆயில். 20 பங்கு தண்ணீரில் 1 பங்கு எண்ணெய், தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் சரியாகக் கலக்காது. வீட்டு லேத்துக்கு நான் வேண்டாம் என்பேன். எப்போதோ ஒரு நாள் ஓட்டுகிற மெஷினில் அது தேங்கி நின்றால் பாக்டீரியா பிடித்து நாறும், தண்ணீர் வற்றி பெட்டில் (லேத்தின் அடித்தளம்) துருவும் ஏறும்.

மாடி_ஷெட்:
கார்பைடு இன்சர்ட் (டூலில் பொருத்தும் கடினமான வெட்டு முனை) வாங்கினால் எண்ணெயே வேண்டாமா? வார்ப்பிரும்புக்கும் இதே எண்ணெய்தானா?

பழைய_டர்னர்:
கார்பைடை உலர்வாகவே ஓட்டலாம், ஆனால் வேகம் நன்றாக ஏற வேண்டும், உங்கள் ராடுக்கு 1500 ஆர்பிஎம்மை ஒட்டி. கொதிக்கிற இன்சர்ட்டில் அவ்வப்போது சொட்டு விட்டால் சூடாகிக் குளிர்ந்து விரிசல் விழும், ஊற்றுவதானால் விடாமல் ஊற்ற வேண்டும். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், தூளோடு சேர்ந்து அரைக்கிற பசையாகிப் பெட்டைத் தின்றுவிடும்.

சுருள்_பொறுக்கி:
த்ரெட் (மரை) போடும்போதும் பார்ட்டிங்கிலும் (ராடைத் துண்டாக வெட்டிப் பிரிப்பது) மட்டும் எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். கந்தகம் கலந்த ஆயில் அதற்கு நல்லது, ஆனால் பித்தளையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுத்துவிடும்.