அண்ணனுக்கு வீடும் மருந்தும்: யாரிடம் கேட்பது?

கும்பகோணத்துக்காரி:
அண்ணனுக்கு 46 வயது, மனச்சிதைவு நோய். அம்மா போனபின் தனியாக இருக்கிறார். மாத்திரை போட்டால் கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறார், என்னைவிடக் கறாராக! வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ‘காப்பகத்தில் விட்டுவிடு’ என்று சித்தப்பா ஓதிக்கொண்டே இருக்கிறார். எனக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

மருந்தாளுநர்:
அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவைக் கேளுங்கள். மாத்திரை இலவசம். சமூகப் பணியாளரைத் தனியாகப் பாருங்கள் அம்மா. கூட்டத்தில் மருத்துவருக்கு வீட்டுக்கதை கேட்க நேரமிருக்காது. இரவில் நிலைமை முற்றினால் 14416-ஐ அழையுங்கள்; டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி.

சென்னைவாசி:
சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. பேன்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ முறையில் சிலர் சாதாரண வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள், உதவிக்கு ஆள் உண்டு. விசாரியுங்கள்.

கும்பகோணத்துக்காரி:
நன்றி. திங்கட்கிழமை போகிறேன். பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்துப் போக வேண்டுமா?

மருந்தாளுநர்:
எல்லாவற்றையும். ஆதார் நகலும். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.