கீரை ஆய்ந்த கைகளும் ஓர் அயர்லாந்துக் கவிதையும்

நிலாமுற்றம்:

அம்மா இறந்த இரவில் நான் செபம் சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றி எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள். சாமியார் சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயை, அதாவது அவஸ்தை, பூசி முடித்து, மரிக்கிறவர்களுக்கான செபத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி அம்மாவின் காதருகே குனிந்து, "சேசு, மரி, சூசை" என்று விடாமல் சொன்னாள். என் வாய் மட்டும் அசைந்தது. மனம் முழுக்க முருங்கைக்கீரை. லீவு நாட்களில் அம்மாவும் நானும் முறத்தை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்து கீரை ஆய்வோம். அதிகம் பேச மாட்டோம். அவள் ஒரு கொத்தை உருவி முடிக்கும்போது நான் பாதியில் இருப்பேன். அந்த நேரம் பார்த்து அதுதான் ஞாபகம் வந்தது.

நான்கு வருடம் அதை ஒரு பாவம் என்றே நினைத்திருந்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்கு என்ன பெயர் என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் ஒரு கவிதை கைக்கு வந்தது. அவருடைய அம்மா 1984இல் இறந்தார். அவர் நினைவாக எட்டுக் கவிதைகள் எழுதி 1987இல் வெளியிட்டார். அதில் மூன்றாவது கவிதையில், வீட்டில் மற்றவர்கள் பூசைக்குப் போன பிறகு அம்மாவும் பையனும் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்கள். கிழங்கு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிறது. பிறகு நேரே மரணப் படுக்கை. சாமியார் மும்முரமாகச் செபிக்கிறார், சிலர் பதில் சொல்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். மகனுக்கோ தன் பக்கம் குனிந்திருந்த அம்மாவின் தலைதான் நினைவுக்கு வருகிறது. படித்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன். எனக்கு நடந்தது வேறு ஒருவருக்கும் நடந்திருக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது கவிதை வந்து சேர்ந்திருந்தால் எழுதுங்களேன்.

பனங்காட்டு ஆசிரியர்:

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் கல்லூரியில் இருபது வருடமாக ஹீனியின் 'மிட் டேர்ம் பிரேக்' கவிதையை நடத்துகிறேன். 1953இல் அவருடைய நாலு வயதுத் தம்பி கார் மோதி இறந்தான். ஹீனிக்கு அப்போது 13 வயது, டெரி நகரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். 22 வரிதான். 1966இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது.

வழக்கமாகக் கடைசி வரியில்தான் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். நாலடிப் பெட்டி, வயதுக்கு ஓர் அடி. ஒரு வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "அந்த அண்ணனை ஏன் சார் யாருமே கட்டிப் பிடிக்கல?" எனக்குப் பதில் தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "அந்த ஊர்ப் பெரியவங்க எந்திரிச்சுக் கை கொடுக்கிறாங்கல்ல சார்? எங்க அப்பா சாவுலயும் எனக்குக் கை கொடுத்தாங்க. நான் அப்ப ஏழாவது. அன்னைக்குத்தான் இனி நம்ம சின்னப் பையன் இல்லேன்னு தெரிஞ்சது." அதோடு உட்கார்ந்துவிட்டான். சாவு வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கை நீட்டும் வழக்கம் நமக்கும் உண்டுதான். இத்தனை வருடம் அந்த வரியை நான் கடந்து போயிருக்கிறேன்! இப்போது பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

உப்பளம்:

இரண்டு கவிதைகளும் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி மூலை. ஒரே கோயில், ஒரே சாமியார், ஒரே செபம், ஆனால் குழி மட்டும் வேறு பக்கம். என் தாத்தாவை அந்த மூலைக்குத் தூக்கிப் போனபோது எனக்குப் பதினொரு வயது. கத்தோலிக்கச் சாவைப் பற்றி அழகான கவிதை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அந்த மூலையைத்தான். மெழுகுவர்த்தியும் பூவும் எழுதியவர்கள் நிறையப் பேர். அந்த மூலையை எழுதிய கவிதையைத்தான் என் பிள்ளைக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

பனங்காட்டு ஆசிரியர்:

நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது. ஹீனியும் பிறகு 1975இல் 'ஃபியூனரல் ரைட்ஸ்' (இறுதிச் சடங்குகள்) என்றொரு கவிதை வெளியிட்டார். வட அயர்லாந்தில் அக்கம்பக்கத்தாரே கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. செபமாலை சுற்றிய இறந்தவர்களின் கைகளைச் சொல்லி, பிறகு ஊரே சேர்ந்து போகும் ஒரு பெரிய சவ ஊர்வலத்தைக் கற்பனை செய்கிறார். ஆனால் அது உங்கள் மூலை இல்லை. அதை இங்கே இருந்துதான் எழுத வேண்டும். நீங்களே எழுதினால் என்ன?

மெழுகுவர்த்தி:

நிலாமுற்றம் சொன்ன கவிதையைத் தமிழில் கொண்டுவர முயன்றவள் நான். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். அதில் வரும் 'மாஸ்' என்ற சொல்லுக்குத் 'திருப்பலி' என்று போட்டால் சரியான சொல்தான், ஆனால் அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல இருந்தது. என் ஆச்சி ஒருநாளும் திருப்பலிக்குப் போனதில்லை, பூசைக்குத்தான் போனாள். 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழில் வந்தது. அப்புறம் மெல்ல மெல்லச் சொற்களும் மாறின. சேசு இயேசுவானார், அவஸ்தை பூசுதல் நோயில் பூசுதல் ஆனது. புதிய சொற்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் சாகிற நேரத்தில் ஆச்சியின் வாயில் வந்தது பழைய சொற்களும், பொருள் தெரியாமல் காதால் படித்த லத்தீனும்தான்.

ஹீனியும் அப்படித்தான் போனார். 2013 ஆகஸ்ட் 30 அன்று, இறப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, மனைவிக்கு லத்தீனில் இரண்டே சொல்லில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். 'பயப்படாதே' என்று பொருள். அடக்கப் பூசையில் அவருடைய மகன் இதைச் சொன்னார். அதைப் படித்த அன்றே என் மொழிபெயர்ப்பில் திருப்பலியை அடித்துவிட்டுப் பூசை என்று எழுதினேன்.

நிலாமுற்றம்:

மெழுகுவர்த்தி, உங்கள் மொழிபெயர்ப்பு கிடைத்தது, நன்றி. 2015இல் அயர்லாந்து வானொலி தொலைக்காட்சி நிறுவனம் நூறு ஆண்டுக் கவிதைகளில் மக்களுக்குப் பிடித்தது எது என்று ஓட்டெடுப்பு வைத்தபோது வென்றது இந்தக் கிழங்கு சீவும் கவிதைதான். அங்கே எத்தனை வீட்டில் எத்தனை பேர் என்னைப் போல மனதுக்குள் எதையோ வைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று தோன்றியது.

உப்பளம், உங்கள் தாத்தாவைப் பற்றிப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத வரவில்லை. எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அம்மாவின் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு அந்த மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்குக் கவிதைப் பழக்கம் கிடையாது. காற்றில் அணைந்த திரிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம அம்மா பேரு அதுல இல்லையேம்மா?"

"இல்லப்பா."

"சரி. இன்னொரு தடவ வாசி."