புதுப்பிப்பு: மகளின் மரபணு டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது

மகளுக்கு வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் பிறவியிலேயே குறைவு, பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருந்து பல ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் சுரப்பி) கோளாறு, மரபணு டெஸ்ட் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். எடுத்தோம். கரு வளரும்போதே பிட்யூட்டரி செல்களை உருவாக்கும் ‘ப்ராப்-1’ மரபணுவின் இரண்டு பிரதியிலும் பிழை. என்னிடமிருந்து ஒன்று, அவள் அப்பாவிடமிருந்து ஒன்று. ஆளுக்கு ஒரு நல்ல பிரதி இருப்பதால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. (மாமா மகனைத்தான் கட்டியிருக்கிறேன், சொந்தம் என்பதால் ஒரே பிழை இருவரிடமும் இருந்திருக்கலாம். அத்தை இதை இன்னும் நம்பவில்லை.) அடுத்த குழந்தைக்கும் வர 25 சதவீத வாய்ப்பு.

டெஸ்ட் எடுத்தது நல்லதுதான். இந்த வகையில் இப்போது சரியாக இருக்கும் கார்ட்டிசால் (உடம்பு நோயையும் அதிர்ச்சியையும் தாங்க உதவும் ஹார்மோன்) பல வருஷம் கழித்தும் குறையலாமாம். அதனால் காலை எட்டு மணி ரத்தப் பரிசோதனை தொடரும். வயசுக்கு வரவும் ஹார்மோன் தேவைப்படலாம். இதே போன்ற குறைவைத் தரும் இன்னொரு மரபணுவான ‘பிட்-1’-இல் பிழை என்றால் இந்த இரண்டு கவலையும் பொதுவாக இருக்காதாம்.

தைராய்டு மாத்திரையை எப்போது ஆரம்பித்தார்கள் என்று கேட்டவருக்கு: கார்ட்டிசால் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள். நீங்களும் உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.