ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டில் நிற்கிறது: மாற்ற வேண்டுமா?

வண்டியூரான்: பழைய பெட்ரோல் கார். காளவாசல் சிக்னலில் நின்றால் ஐடிலிங் (முடுக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 600 சுற்றுக்கும் 1,100 சுற்றுக்கும் இடையே ஊசலாடுகிறது. ஸ்கேனரில் பி0171, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்ற பிழைக் குறியீடு. முன் ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டை விட்டு நகரவில்லை. சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

ஒத்தக்கடை: மாற்றிவிடுங்கள். நல்ல சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கியபடியே இருக்கும். நின்றுவிட்டால் அதன் கதை முடிந்தது.

திருமங்கலத்தார்: விசாரணையே இல்லாமல் தீர்ப்பா? 0.45-க்குக் கீழே என்றால் புகையில் ஆக்சிஜன் மிகுதி. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறதோ என்னவோ! தம்பி, ஃபியூயல் ட்ரிம், அதாவது கார் கணினி தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல், எவ்வளவு?

வண்டியூரான்: ஐடிலிங்கில் +24 சதவீதம். 2,500 சுற்றில் +6. அப்போது சென்சாரும் ஏறி இறங்குகிறது.

மேலூரான்: எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் வேலை.

திருமங்கலத்தார்: எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் ட்ரிம் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் எல்லா வேகத்திலும் ஏறும். ஐடிலிங்கில் மட்டும் இப்படி எகிறினால், காற்றளவு மானியைத் தாண்டி எங்கோ காற்று நுழைகிறது. எஞ்சின் கொஞ்சமாக மூச்சுவிடும்போது சிறு கசிவும் பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே கசிவு கணக்கிலேயே வராது.

ஒத்தக்கடை: அண்ணே, சென்சாருக்குச் சுமார் 300 டிகிரி சூடு வேண்டும். உள்ளே ஹீட்டர் போயிருந்தால் ஐடிலிங்கில் குளிர்ந்து படுத்துவிடும், முடுக்கினால் எழுந்துவிடும். இவர் சொல்வதும் அதுதானே?

திருமங்கலத்தார்: நல்ல கேள்வி. ஆனால் ஹீட்டர் போனால் பெரும்பாலும் அதற்கான பி0135 குறியீடு வந்திருக்கும். ஐடிலிங்கிலேயே காற்றுக்குழாயில் கார்புரேட்டர் கிளீனரைத் துளி அடித்துப் பாருங்கள். எரிபொருள் கூடியதை உணர்ந்து 0.8-க்குத் தாவினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. சூடான சைலன்சர் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

வண்டியூரான்: உடனே 0.85-க்குத் தாவியது. எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதியை இலகுவாக்கும் கருவி) போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், விரல் வைத்தால்தான் தெரியும் வெடிப்பு. பிளையரால் அந்த இடத்துக்கு முன்னால், எஞ்சின் பக்கமாக, நெரித்துப் பிடித்தேன். ஊசி 750-இல் அசையாமல் நின்றது.

ஒத்தக்கடை: ஹோஸை மாற்றுங்கள், அது பிரேக் சமாச்சாரம். ஆனாலும் பழைய சென்சார் மந்தமாகிவிடும். கையோடு அதையும் மாற்றுவதே நல்லது.

திருமங்கலத்தார்: மந்தமா என்பதை 2,500 சுற்றில் ஸ்கேனர் கிராஃப் காட்டும். அதைப் பார்க்காமல் தம்பியின் பையில் கைவைக்காதீர்கள்.